உப்புக் கரண்டி உங்க கையில்!

சாயங்காலம் ஆறு மணி. ராயபுரமோ திருவொற்றியூரோ, உங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். டி.வி. முன்னால் தாத்தா, மடியில் மசாலா பாப்கார்ன் பாக்கெட். மத்தியானம் 'பி.பி. இருக்கே' என்று குழம்பில் உப்பைக் குறைத்தது நீங்கள்தான். இந்தப் பாக்கெட்டை வாங்கி வந்தது யார்? அதுவும் நீங்கள்தான்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்கார்ன்மீது எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. கார்த்திகைக்கு உருண்டை பிடிக்கிறோமே நெல் பொரி, அதற்கு இது தூரத்துச் சொந்தம். தவிடு நீக்காத முழு தானியம். 30 கிராமில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து. மைதா பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல். தப்பு சோளத்தில் இல்லை; கடைசி நிமிஷத்தில் அதன் தலையில் கொட்டுகிறோமே, அதில்தான் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்கூட இல்லை! காசிமேட்டுக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிடும் நமக்கு அந்தக் கணக்கு மத்தியானமே தீர்ந்துவிடும். மாலைத் தீனி முழுக்கக் கடன்தான். பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம் 400 மில்லிகிராம்' என்று இருந்தால், அது சுமார் 1 கிராம் உப்பு.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டிலேயே பொரியுங்கள். நாலு பேருக்கு 50 கிராம் பாப்கார்ன் சோளம் தாராளம். அடி கனமான பாத்திரத்தில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். மூன்று மணிகளைப் போட்டு, அவை பொரிந்ததும் மீதியைப் போடுங்கள். மூடியை லேசாகத் திறந்த மாதிரி வையுங்கள். ஆவி வெளியேறினால்தான் மொறுமொறுப்பு. அடிக்கடி குலுக்குங்கள். 'பட் பட்' சத்தம் இரண்டு விநாடிக்கு ஒன்றாகக் குறைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

சோளத்தை மொட்டை மாடியில் காயவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிப்பதால்தான் அது பொரிகிறது. காய்ந்துபோனால் பாதி மணி அப்படியே கிடக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

இனி வாசனைக்கு அஞ்சறைப்பெட்டியைத் திறங்க. மிளகு, சீரகம், வறுத்த கறிவேப்பிலை மூன்றையும் பொடித்தால் ஒரு ருசி. பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டவர்களா? பொன்னிறமாக வறுத்த பூண்டை நொறுக்கி, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேருங்கள். அந்த வாசனை வீட்டுக்கே வந்துவிடும். பொடி ஒட்டுவதற்கு ஒரு டீஸ்பூன் உருக்கிய நெய் போதும். எல்லாப் பொடியும் அடுப்பை அணைத்த பிறகுதான். எண்ணூர், மணலி பக்கம் ஏற்கெனவே புகைக்குப் பஞ்சமில்லை. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு மிளகாய் நெடி வேறு எதற்கு?

உப்பை மிக்ஸியில் மாவாக்கிக்கொள்ளுங்கள். பொடி உப்பு நாக்கில் சட்டென்று தெரியும். கால் டீஸ்பூனிலேயே வேலை முடிந்துவிடும். ஆளுக்கு அரை கிராம்கூட வராது.

ஒரு எச்சரிக்கை. நாலு வயது ஆகாத குழந்தைக்கு பாப்கார்ன் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பொரியாத மணிகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் பல் தப்பிக்கும்.

தாத்தாவின் பங்கை உப்பு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து, மிளகுப் பொடி தூவிக் கொடுங்கள். முதல் நாள் 'என்னம்மா, சப்புனு இருக்கு' என்பார். சில வாரங்கள் பொறுங்கள், நாக்கு பழகிவிடும். பி.பி.க்கு மாத்திரை டாக்டர் எழுதித் தருவார். உப்புக் கரண்டியைப் பிடிக்க அவர் உங்க சமையற்கட்டுக்கு வர முடியுமா என்ன?