மூன்று வரிக் கடிதம்

"எனது சொந்தக் காரணங்களால் பணியைத் தொடர இயலவில்லை. ஆகவே இன்று முதல் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது கணக்கை முடித்துத் தருமாறும் வேண்டுகிறேன்."

மூன்றே வரிதான். 2023 ஆகஸ்டில் என் அப்பா இதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதினார் என்பதுகூடச் சரியில்லை. ஆபீஸில் ஒரு மாதிரி எழுதி வைத்திருந்தார்களாம், ஆறு பேரும் அதைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். பரீட்சையில் நாம் செய்தால் தப்பு!

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். அப்பா அங்கே பதினோரு வருஷம். ஆர்டர் குறைந்துவிட்டது, 2022 செப்டம்பரில் ஏறிய கரண்ட் கட்டணத்தைத் தாங்க முடியவில்லை, ஒரு ஷிஃப்டை நிறுத்தப் போகிறோம் என்றார்கள். அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த வருஷம் கோவையில் சிறு தொழில்காரர்கள் கடையடைப்பு வரைக்கும் போனார்கள். ஆள் குறைத்தது தப்பா சரியா என்பது வேறு விஷயம். நான் பேச வந்தது அந்த மூன்று வரியைப் பற்றி.

"எழுதிக் குடுத்துட்டீங்கன்னா மூணு நாள்ல செட்டில்மெண்ட்டுங்க. இல்லீன்னா ஹெட் ஆபீஸ் போயி, அக்கவுண்ட்ஸ் போயி, ரெண்டு மாசம் இழுக்குமுங்க." மேனேஜர் அன்பாகத்தான் சொன்னாராம். டீ வாங்கிக் கொடுத்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதையும் சேர்த்தே சொன்னார்.

அப்போது நான் முதலாமாண்டு. வேலை போனவர்களுக்கு இந்தியாவில் பணம் கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் உண்டு, படத்தில் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் "வேலையில்லாதோர் உதவித்தொகை" என்றால் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருப்பவர்களுக்குத் தமிழக அரசு தருவதுதான் நினைவுக்கு வரும். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 400. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. நம் வகுப்பில் பாதிப் பேர் இப்போதே கனவை மூட்டை கட்டி வைக்கலாம்.

நான் சொல்வது வேறு. இ.எஸ்.ஐ. பிடித்தம் தெரியும் இல்லையா? சம்பளச் சீட்டில் ஒரு மூலையில் இருக்கும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பிடிப்பார்கள். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். 15,000 சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய். இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எங்கள் வீட்டிலும் அம்மாவின் சுகர் மாத்திரைக்குத்தான் அந்த அட்டை.

ஆனால் அதற்குள்ளேயே வேலையிழப்புக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 2005 ஏப்ரலில் ராஜீவ் காந்தி பெயரில் ஒன்று தொடங்கினார்கள். ஆட்குறைப்பு, ஆலை மூடல் போன்றவற்றில் வேலை இழந்தவர்களுக்கு. 2018 ஜூலை 1-இல் வாஜ்பாய் பெயரில் இன்னொன்று: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. (இந்தப் பெயரை அப்பா இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. "அந்த அடல் காசு" என்பார்.) முதலில் தினக்கூலியில் கால் பங்குதான் கொடுத்தார்கள், அதுவும் வேலை போய் 90 நாள் கழித்து. கொரோனா வந்த பிறகு, 2020 மார்ச் 24-க்குப் பின் வேலை போனவர்களுக்கு அரைப் பங்கு, 30 நாள் கழித்தே கேட்கலாம், முதலாளி வழியாகப் போகாமல் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. இரண்டு வருஷ சோதனைத் திட்டமாகத் தொடங்கியதை நீட்டித்து நீட்டித்தே ஓட்டி வந்திருக்கிறார்கள். அதனால் யாராவது கேட்கப் போனால், அந்தத் தேதிக்குத் திட்டம் அமலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி: இரண்டு வருஷச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். 15,000 வாங்குபவருக்கு 493 ரூபாய் சொச்சம். அதில் பாதி, தொண்ணூறு நாளுக்கு, ஏறத்தாழ 22,000. கோடீஸ்வரர் ஆக முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த மூன்று மாசம் 22,000 என்பது என்னுடைய ஒரு செமஸ்டர் ஃபீஸும் வீட்டு வாடகையும். அம்மா தோடு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தத் திட்டத்தை நான் கண்டுபிடித்தபோது கொலம்பஸ் மாதிரி இருந்தது. அப்பாவின் இ.எஸ்.ஐ. எண்ணைப் போட்டு இணையத்தில் உள்ளே போனேன். முதல் முட்டுக்கட்டை பெயர். ஆதாரும் வங்கிக் கணக்கும் இ.எஸ்.ஐ. பதிவோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கியில் முன்னால், இ.எஸ்.ஐ.யில் இனிஷியலே இல்லை. தமிழனுக்கு "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று முடிவு செய்யாமலே இந்த நாட்டில் எல்லாப் படிவத்தையும் அடித்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆயிற்று. படிவத்தை நிரப்பி, ஸ்கேன் செய்து ஏற்றி, ஒரு வழியாக அனுப்பினோம்.

திரும்பி வந்தது. காரணம்: தாமாக விலகியவர்.

கிளை அலுவலகத்துக்கு நானும் அப்பாவும் போனோம். அங்கிருந்தவர் எரிந்து விழவில்லை, உட்காரச் சொல்லித்தான் பேசினார். திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் முதலாளி இ.எஸ்.ஐ. கணக்கு ஏற்றும்போது, ஒரு ஆளுக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் ஏன் பூஜ்யம் என்று ஒரு பட்டியலிலிருந்து காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுப்பு, வேலையை விட்டுச் சென்றார், ஓய்வு பெற்றார், வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு... இப்படிப் போகிறது. ஆறு பேருக்கும் "வேலையை விட்டுச் சென்றார்" என்று போட்டிருந்தது. "ஆட்குறைப்பு" அதே பட்டியலில் நாலு விரற்கடை கீழே இருந்தது. "கம்பெனிகிட்ட கேட்டோம் தம்பி, லெட்டர் அனுப்பிட்டாங்க" என்று அந்த மூன்று வரியைக் காட்டினார். அப்பாவின் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

இப்போது ஏழாவது ஆள் கதை. லேத் மாமா என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து வாங்கிய அன்று அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. நாலு நாள் கழித்துப் போனால் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சண்டை போட்டார், திட்டினார், வெறுங்கையோடு திரும்பினார். செட்டில்மெண்ட் அவருக்கு மூன்று நாளில் வரவில்லை, நாலு மாசம் ஆயிற்று. எல்லோரும் "பாவம், பிழைக்கத் தெரியாதவர்" என்றோம். ஆனால் அவருடைய விண்ணப்பம் போனபோது கம்பெனியிடம் காட்டுவதற்குக் கடிதம் இல்லை. பணம் வந்தது. அந்த மூன்று மாசமும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வசதியும் தொடர்ந்தது.

ஒரே பட்டறை, ஒரே ஷிஃப்ட், ஒரே காரணம். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு இல்லை. ஓர் அரசாங்கத் திட்டத்தில் யாருக்குப் பணம் என்பதைக் காய்ச்சல் முடிவு செய்தால் அந்தத் திட்டத்தில் ஏதோ கோளாறு என்பதுதான் என் கட்சி.

விதி என்ன சொல்கிறது? ஒழுங்கீனத்துக்காகத் தண்டனையாக வேலை போனவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு பெற்றவர், இவர்களுக்குக் கிடையாது. நியாயம்தான். ஆனால் விருப்பம் இருந்ததா என்பதை யாரிடம் கேட்கிறார்கள்? முதலாளியிடம். அந்த முதலாளிக்கு அது விருப்பம் என்று சொல்வதில் லாபம் இருக்கிறது. 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி, ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு. அப்பாவுக்குப் பதினோரு வருஷம், 165 நாள், ஐந்தரை மாதச் சம்பளம். ராஜினாமா என்றால் அது பூஜ்யம். மேனேஜர் வாங்கிக் கொடுத்த டீயின் விலை அவ்வளவு. (கிராஜுவிட்டி ராஜினாமா செய்தாலும் உண்டு, வந்தது. பி.எஃப். நம்முடைய சொந்தச் சேமிப்பு, அதைத் திருப்பித் தருவதை உதவி என்று நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.)

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொகுப்பு வந்துவிட்டது. அதில் ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குக் கூடுதலாகப் பதினைந்து நாள் சம்பளம், மறுபயிற்சி நிதி என்ற பெயரில், அவர் கணக்கில் சேர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஆட்குறைப்பு என்று எழுதினால் முதலாளிக்கு இன்னும் பதினைந்து நாள் செலவு. மூன்று வரி எழுதி வாங்க இன்னொரு காரணம், அவ்வளவுதான்.

"அப்படியானால் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் காசு கேட்பார்களே?" என்று என் ரூம்மேட் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். அரைச் சம்பளத்துக்கு, தொண்ணூறு நாளுக்கு, ஆயுளில் ஒரு தடவை. அதுவும் ஒரு மாசம் பட்டினி கிடந்து, இனிஷியல் திருத்தி. இதற்காக எவன் பதினோரு வருஷ வேலையை விடுவான்? ஜெர்மனியில் தானாக வேலையை விட்டவருக்குக்கூட வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள், ஒரேயடியாக மறுப்பதில்லை. அமெரிக்காவில் தானாக விலகினால் பொதுவாகக் கிடையாதுதான். ஆனால் "நீயே எழுதிக் கொடு, இல்லையென்றால் நாங்கள் நீக்குவோம்" என்று சொல்லி வாங்கியது பல மாநிலங்களில் நீக்கமாகவே எடுத்துக்கொள்ளப்படும், இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், மேல்முறையீடு உண்டு. நம் ஊரிலும் நிர்ப்பந்தித்து வாங்கியது ராஜினாமாவே இல்லை என்று வழக்காட இடமிருக்கிறது. நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. 22,000 ரூபாய்க்கு எந்த வக்கீலைப் பார்ப்பது?

எனக்குத் தோன்றுவது சின்ன மாற்றம்தான். ஒரே மாதத்தில் ஒரே கம்பெனியில் ஆறு பேருக்கு "சொந்தக் காரணம்" வந்தால் அது சொந்தக் காரணம் இல்லை என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியும். அங்கே நிரூபிக்கிற பொறுப்பு முதலாளிக்குப் போகட்டும். அத்தோடு, முதலாளி அந்தக் கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று தொழிலாளியின் போனுக்குத் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். வரட்டும். கேஸ் சிலிண்டர் புக் செய்தால் வருகிறது, சோறு போனதற்கு வராதா?

மாதம் 21,000-க்கு மேல் வாங்குபவர்களுக்கு இந்தத் திட்டமும் கிடையாது. கேம்பஸில் வேலை கிடைத்து ஐ.டி.க்குப் போகப் போகிற நண்பர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே டீக்குப் பதில் காபி, மேனேஜருக்குப் பதில் ஹெச்.ஆர். கேட்கப் போவது அதே மூன்று வரியைத்தான்.

போன வாரம் இதே வகுப்பில் ஒருத்தனுடைய அண்ணனிடம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், திருப்பூரில். என்ன செய்யலாம் என்று கேட்டான். நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன்: எழுதச் சொன்னால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று கிளம்பி வரச் சொல். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் "நிர்வாகம் ஷிஃப்டை நிறுத்துவதாகக் கூறியதால்" என்று காரணத்தை அதிலேயே எழுதச் சொல். சம்பளச் சீட்டு, வாட்ஸப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வை. நாளைக்கே வேறு வேலை கிடைக்காது என்றால் அவசர அவசரமாக வருகிற செட்டில்மெண்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அப்பா இப்போது வேறொரு பட்டறையில் இருக்கிறார், சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவு. சேர்ந்த அன்று ஏதோ ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். "பையன் காலேஜ்ல படிக்கிறானுங்க, அவங்கிட்டக் காட்டீட்டுப் போடறனுங்க" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் அவர்கள் அதைத் திரும்பக் கேட்கவே இல்லையாம். அந்தத் தாள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்க்க உபயோகப்படுத்துகிறேன்.