லாரிப் பாரமும் சாலைச் சேதமும்

2018-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்திய சர்க்கார் லாரிகளின் அச்சுப் பாரத்துக்கு இருந்த வரம்பை உயர்த்தினர். நான்கு டயர்கள் பூண்ட ஓர் அச்சு 10.2 டன் தாங்கலாமென்றிருந்தது, 11.5 டன் தாங்கலாமென்று மாறிற்று. எட்டில் ஒரு பங்கு ஏற்றந்தானே, இதனால் என்ன கெடுதி என்று பலர் கருதக்கூடும். சாலையின் கணக்கு வேறு. அதை நமது வாசகர்கள் அறிவது அவசியமென்று நினைக்கிறோம்.

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஒட்டாவா நகருக்கருகில், 1958 முதல் 1960 வரை, பற்பல பாரமுள்ள லாரிகளைப் பரீட்சைச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். சாலையின் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் படியாக வளர்கிறதென்பதே நிபுணர் கண்ட முடிவு. பாரம் இரட்டித்தால் சேதம் இரட்டிப்பதில்லை, 16 மடங்காகிறது. இக்கணக்கின்படி 10.2 டன் 11.5 டன்னானதும் சேதம் நூற்றுக்கு 60 வீதம் ஏறுகிறது.

பாரம் கூடினால் பிரயாணங்கள் குறையுமே என்று லாரி முதலாளிகள் சொல்லலாம். வாஸ்தவம். ஐந்தில் ஒரு பிரயாணம் குறைந்ததென்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் சேதம் முன்னிலும் கால் பங்குக்கு மேல் மிகுந்தே நிற்கும். டயரில் அளவுக்கு மீறிக் காற்றடைப்பது மற்றொரு கேடு. பாரம் அடிமண் வரை சென்று அழுத்துகிறது. காற்றழுத்தமோ தாரிட்ட மேற்பரப்பையே வருத்துகிறது. கோடையில் இளகிய தாரில் சக்கரத்தடம் பள்ளமாகப் பதிகிறது. மாரியில் அதிலே நீர் தேங்குகிறது.

உயர்த்திய வரம்பையும் மீறுவோர் விஷயம் என்ன? 2019-ல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஓட்டுகிறவனை மாத்திரமன்றி, ஓட்டச் செய்கிறவனையும் அது குற்றவாளியாக்குகிறது. ஆயினும் நடுச்சாலையில் முதலில் அகப்படுபவன் கூலிக்கு ஓட்டும் டிரைவரே. பாரத்தை ஏற்றுவித்து லாபம் பெற்றவர் தம் வீட்டுத் திண்ணையில் சுகமாயிருக்கிறார். இது நியாயமா?

சைக்கிளில் செல்லும் குடியானவன் சாலைக்கு யாதொரு சேதமும் செய்வதில்லை. ஆனால் பள்ளத்தில் விழுபவன் அவனே; அதைச் செப்பனிட வரி கொடுப்பவனும் அவனே.

ஆதலால் நமது அபிப்பிராயம் இது: பாரத்தை ஏற்றுமிடத்திலேயே நிறுக்க வேண்டும். ஒவ்வொரு கல் குவாரியின் வாயிலிலும், ஒவ்வொரு பெரிய கிடங்கின் வாயிலிலும் எடைமேடை இருத்தல் வேண்டும். சீட்டில்லாத வண்டி வெளியேறலாகாது. மீறினால் ஏற்றுவித்தவர்மீதே வழக்குத் தொடரவேண்டும். தேச ஊழியர்கள் தத்தம் தாலூகாவில் இதைக் கேட்கத் தொடங்குவார்களாக. கேளாத பிரஜைகளுக்கு நல்ல சாலை கிடைத்ததில்லை.