ஏழு குதிரையும் காலண்டர் சாமியும்

வாலாஜாபேட்டையில புது வீடு கிரகப்பிரவேசம்னு எங்கே போனாலும் ஹால்ல அதே ஏழு வெள்ளைக் குதிரை ஓடுது. வாஸ்துவாம்! பழைய சாமி படம் எங்கேன்னு கேட்டா, "அது காலண்டர் படம்ப்பா, லுக்கு கெட்டுடும்"ங்கறாங்க.

அடப்பாவிகளா! குதிரை மட்டும் கையால வரைஞ்சதா? அதுவும் அச்சுதானே?

ரவிவர்மா 1894ல் மும்பையில அச்சகம் தொடங்கின பிறகுதான் அரண்மனையில இருந்த மாதிரி லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவத்துக்கு வந்தாங்க. அப்புறம் நம்ம கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976), அவரோட சீடர்கள். இவங்க வரைஞ்சது சிவகாசியில அச்சாகி ஊரெல்லாம் போச்சு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசம் 1939ல்தான். அதுக்கு முன்னாடி உள்ளே விடாதவங்க வீட்டுக்கும் சாமி வந்தது இந்த அச்சுப் படத்துலதான். இதையா கேவலம்ங்கறீங்க?

சரி, மாட்டுறதையாவது ஒழுங்கா மாட்டறோமா? பழைய வீடுகள்ல படத்தை உயரத்துல, முன்பக்கம் சாய்ச்சுக் கட்டியிருப்பாங்க. பாய்ல உட்கார்ந்து நிமிர்ந்தா நேரா பார்க்கும். பின்னாடி காத்தும் போகும், ஓதம் அடிக்காது. இப்போ சோபா வந்தாச்சு, சாய்வு போயாச்சு, ஆணி மட்டும் அதே ஜன்னலுக்கு மேல! பல்லிக்கா கண்காட்சி வைக்கறீங்க? கண் மட்டத்துக்கு இறக்குங்கப்பா. வெயில் படாத சுவரா பாருங்க, இல்லேன்னா சிவப்பும் மஞ்சளும் போய் முருகர் நீலமாயிடுவார்.

இறக்கின படங்க எங்கே போகுதுன்னு தெரியணுமா? அரச மரத்தடியில பாருங்க. கண்ணாடி உடைஞ்சு, மழையில ஊறி, வரிசையா சாய்ஞ்சு நிக்குது.