குரலுக்கு ஒரு நாள் கூலி. கம்பெனிக்கு ஆயுள் லாபம்!

ஆடி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு குரல் நம்மைப் பின்தொடர்கிறது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. கூழ் வார்க்கும் பந்தலிலிருந்து வருகிறது. செங்கம் சாலை டீக்கடையிலிருந்தும் வருகிறது. விடியுமுன் அரிசி ஆலைக்குச் சைக்கிள் மிதிக்கும் தொழிலாளி அதைக் கேட்கிறார். தண்டராம்பட்டுப் பக்கம் களை எடுக்கப் போகும் பெண்கள் அதனோடு சேர்ந்து முணுமுணுக்கிறார்கள். கணீரென்ற குரல். கூச்சம் அறியாத குரல்.

எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் அது.

அவர் பாடிய அம்மன் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன, கேசட்டாக வந்தன, சி.டி.யாக வந்தன. இன்று மைக் செட்காரரின் சட்டைப் பைக்குள் ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டன. அவருடைய சினிமாப் பாட்டுகளும் 'சிறந்த பாடல்கள்' என்ற தொகுப்புகளாக மீண்டும் மீண்டும் விலைக்கு வருகின்றன. நல்லது. மக்கள் விரும்பும் பாட்டு மக்களிடம் போய்ச் சேரட்டும். ஆனால் உழைப்பாளி மக்களின் பத்திரிகை கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளாக விற்று வந்த பாட்டில், பாடியவரின் உழைப்புக்கு என்ன பங்கு?

"ஈஸ்வரி பெரிய நட்சத்திரம். அவருக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம்.

1939 டிசம்பரில் சென்னையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில், லூர்து மேரி ராஜேஸ்வரியாகப் பிறந்தவர் அவர். தாயார் நிர்மலா சினிமாவில் கோரஸ் பாடிப் பிழைத்தவர். மகளும் தாயோடு கோரஸ் வரிசையில் நின்றுதான் தொழில் பழகினார். 1954-இல் 'மனோகரா'வில் கோரஸ். 1958-இல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் அவருக்குத் தனிப்பாட்டு கொடுத்தார். 1961-இல் வந்த 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு அவரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. இன்றும் கல்யாணப் பந்தலில் மணப்பெண்ணை மணவறைக்கு அழைப்பது அந்தப் பாட்டுத்தான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? கதாநாயகியின் அடக்கமான பாட்டு வேறு குரல்களுக்குப் போயிற்று. கிளப் நடனக்காரிக்கும் வில்லனின் கூட்டத்துப் பெண்ணுக்கும் ஈஸ்வரியின் குரல். 1969-இல் 'சிவந்த மண்' படத்தில் சவுக்கடி பட்டுக்கொண்டே ஆடும் பெண்ணுக்கும் அவர் குரல்தான். அந்தப் பாட்டுகளுக்கு மேல்தட்டு ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ராத்திரி கேட்டு ரசித்ததைக் காலையில் ஆபாசம் என்றார்கள்! நாமும் முழு யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டோம். சினிமாக் கூச்சல் என்று நம் கூட்டங்களிலும் தள்ளிப் பேசியது உண்டு. அதே வேளையில் ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் உழைப்பாளி மக்கள் அந்தக் குரலைத் தங்கள் குரலாக எடுத்துக்கொண்டார்கள். மக்கள் சரியாகவே கேட்டார்கள். நாம்தான் தாமதமாகக் கேட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் அம்மன் கோயில் வாசலில் ஒலிக்கிறது. மாரியம்மனும் கோபிக்கவில்லை, பக்தர்களும் கோபிக்கவில்லை. மதத்தைச் சொல்லி மக்களைப் பிரிப்போர் இந்த ஊரின் ஆடி மாதத்தை ஒரு முறை வந்து கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் குரலுக்குத் திறந்த வாசல் மனிதருக்கு எளிதில் திறந்ததா? இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போலீஸ் காவலோடு! பாட்டு பொதுச் சொத்து, கோயில் மட்டும் சிலருக்குச் சொத்து என்ற நியாயம் அங்கே உடைந்தது. சொத்துக்காரர் நியாயம் இசைத்தட்டிலும் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மல்லாட்டை பிடுங்கும் வேலையை நம் பெண்கள் அறிவார்கள். ஒரு நாள் குனிந்து பிடுங்கினால் ஒரு நாள் கூலி. அந்த மல்லாட்டை எண்ணெய் ஆகும், பிண்ணாக்கு ஆகும். கைமாறும்போதெல்லாம் யாரோ லாபம் பார்ப்பார்கள். ஆனாலும் எண்ணெய் தீர்ந்தால் வியாபாரம் தீர்ந்தது. அடுத்த போகத்துக்கு மீண்டும் கூலியாள் வேண்டும்.

பாட்டு அப்படித் தீர்வதில்லை. ஒரு நாள் காலையில் ஸ்டூடியோவில் பாடியது அறுபது ஆண்டு விற்கும். தட்டு தேய்ந்தால் கேசட்; கேசட் சிக்கினால் சி.டி.; அதுவும் போனால் செல்போன். புதிதாகப் பாட வேண்டியதில்லை. வயலின்காரரையும் தபலாக்காரரையும் மீண்டும் அழைக்க வேண்டியதில்லை. பழைய அறுவடையைப் புதிய சாக்கில் கட்டி 'சிறந்த பாடல்கள்' என்று பெயர் ஒட்டினால் போதும். விதைக்காமல் வருஷா வருஷம் அறுக்கும் வயல் இது!

"முதல் போட்டவர் கம்பெனிக்காரர். நஷ்டம் வந்தால் அவருக்குத்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாட்டுப் பதிவுக்குச் செலவு உண்டு. ஓடாமல் போன பாட்டும் உண்டு. போட்ட பணத்தை எடுக்கட்டும், லாபமும் எடுக்கட்டும். ஆனால் முதல் திரும்பி வந்து முப்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரே பாட்டை நான்காவது தடவை விற்கும்போது எந்த நஷ்ட பயம் மிச்சமிருக்கிறது? அங்கே விற்பது கம்பெனியின் முதலை அல்ல, பாடகியின் மூச்சை!

இந்தச் சண்டை புதிதல்ல. 1960-களில் பம்பாயில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கு ராயல்டி வேண்டும் என்று கேட்டார். முகமது ரஃபி ஒப்பவில்லை. பாடியதற்குப் பணம் வாங்கியாயிற்று, அதோடு கணக்குத் தீர்ந்தது என்பது அவர் நிலை. இதனால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்தே பாடவில்லை. ரஃபி நல்ல மனிதர், பேராசை இல்லாதவர். ஆனால் நல்ல மனிதரின் பெருந்தன்மை யார் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது? நம் ஆலைகளிலும் "கொடுத்த கூலி போதும்" என்று சொல்லும் நல்லவர்கள் உண்டு. அவர்கள் விட்டுக்கொடுத்தது பக்கத்து மிஷின்காரருக்கு வருவதில்லை, முதலாளிக்கே போகிறது.

சட்டம் என்ன செய்தது? 1957-இல் சுதந்திர இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் வந்தது. அதில் பாடுகிறவருக்கு உரிமையே இல்லை. 1977-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்குப் போயிற்று. பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் படத் தயாரிப்பாளருக்கும் நடுவே வழக்கு; தீர்ப்பு தயாரிப்பாளர் பக்கம் சாய்ந்தது. அந்தத் தீர்ப்போடு ஒரு நீதிபதி தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லையே, பார்லிமெண்ட் இதைத் திருத்த வேண்டாமா என்று கேட்டார். யார் அந்த நீதிபதி? வி.ஆர். கிருஷ்ணய்யர்! 1957-இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்.

அவர் கேட்டதற்குப் பதில் வர பதினேழு ஆண்டு ஆயிற்று. 1994-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் சினிமாவில் சேர்க்க ஒப்புக்கொண்டால் அந்த உரிமை போய்விடும் என்று ஓர் ஓட்டையையும் வைத்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலான பாட்டு சினிமாப் பாட்டுத்தானே! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதை. 2012-இல்தான், ஜாவேத் அக்தர் ராஜ்யசபையில் வாதாட, மற்றொரு திருத்தம் வந்தது. படத்துக்காகப் பாடியிருந்தாலும் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பாடகருக்கு ராயல்டி உண்டு என்றாயிற்று. மறு வருஷமே பாடகர்கள் தங்களுக்கென உரிமைச் சங்கம் கண்டார்கள். நாம் வரவேற்கிறோம். ஆனால் ஈஸ்வரி புகழின் உச்சியில் பாடிய ஆண்டுகளில் இந்த உரிமை ஏட்டிலும் கிடையாது. இன்றைய சட்டத்தையும் கூர்ந்து படியுங்கள்: ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்கு 60 ஆண்டு, பாடியவருக்கு 50 ஆண்டு. பத்து ஆண்டு ஏன் குறைந்தது? முதலின் ஆயுள் நீளம், உழைப்பின் ஆயுள் குட்டை. இதுதான் இந்தச் சட்டத்தின் வர்க்கக் கணக்கு!

உலகத்தின் பணக்கார நாட்டில் மட்டும் வேறு நியாயமா? அதே 1939-இல், நவம்பரில், அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்தது. சிறுமியாகப் பருத்தி எடுத்தவள். அந்த வேலையை அடியோடு வெறுத்தவள். அவர்தான் ராக் அண்ட் ரோல் இசையின் ராணி என்று உலகம் கொண்டாடிய டினா டர்னர். அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய கணவர். அதைத் தம் சொத்தாகப் பதிவு செய்துகொண்டவரும் அவரே. பெண் ஓடிப்போனால் வேறொரு பெண்ணை அதே பெயரில் மேடையேற்றலாம் அல்லவா! அடி பொறுக்காமல் 1976-இல் டினா வெளியேறியபோது கையில் இருந்தது 36 சென்ட். 1978-இல் விவாகரத்து முடிந்தபோது சொத்தை விட்டுக்கொடுத்து அந்தப் பெயரை மட்டும் கேட்டு வாங்கினார். 1984-இல் மீண்டும் எழுந்தார். 1991-இல் 'சிம்ப்ளி தி பெஸ்ட்' என்ற சிறந்த பாடல் தொகுப்பு உலகெங்கும் விற்றது. 2021-இல் தம் பாட்டு வருமானத்தின் பங்கையும், பெயரையும், உருவத்தையும் ஒரு கம்பெனிக்கு விற்றார். வயதான காலத்தில் நல்ல விலைக்குத்தான் விற்றார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் சொத்தையெல்லாம் விட்டு ஒரு பெண் மீட்ட பெயர் கடைசியில் கம்பெனிக் கணக்கில் ஏறியது என்பதை மறக்கவும் மாட்டோம். 2023-இல் அவர் மறைந்தார்.

அந்த நாட்டு ரேடியோவின் கதையையும் கேளுங்கள். அங்கே ரேடியோ நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் போகும். பாடியவருக்குக் காலணா கிடையாது. 'மரியாதை' என்று பொருள்படும் தலைப்பில் ஆரீத்தா பிராங்க்ளின் 1967-இல் பாடிய பாட்டு கறுப்பின மக்களின் போராட்டப் பாட்டாகவே ஆயிற்று. எழுதியவர் ஓடிஸ் ரெடிங். ஆகவே ரேடியோவில் எத்தனை ஆயிரம் தடவை ஒலித்தாலும் ஆரீத்தாவுக்குப் பங்கு இல்லை. மரியாதை கேட்டுப் பாடியவருக்கு அந்த நாடு காட்டிய மரியாதை அவ்வளவுதான்!

பெரிய பாடகிகளின் கதியே இது என்றால், பின்னால் நின்ற கோரஸ் பெண்ணுக்கு என்ன கதி? ஈஸ்வரியின் தாயார் போன்றவர்களின் பெயர் எந்தத் தட்டின் உறையிலும் அச்சாகவில்லை. இவர்களுக்காகச் சென்னையில் முதலில் சங்கக் கொடி ஏற்றியவர்களில் முன்னின்றவர் தோழர் எம்.பி. சீனிவாசன். 1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை அமைத்தவர். வாத்தியக்காரரும் தொழிலாளியே என்று சொல்லிச் சங்கம் சேர்த்தவர். அவர் காட்டிய பாதை நமக்கு இன்றும் தெரிகிறது.

அந்தப் பாதை நம் ஊருக்கும் வருகிறது. செய்யாறு வட்டத்துப் புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர் போன கிராமம். இந்த மாவட்டத்துக் கூத்துக் கலைஞர்களும் பம்பைக்காரர்களும் உடுக்கைக்காரர்களும் பெரும்பாலும் யார்? பகலில் வயல் கூலி, இரவில் கலைஞர். இரவு முழுவதும் ஆடினால் ஓர் இரவுக் கூலி. எதிரே காமிராவும் செல்போனும் நிற்கின்றன. யார் பதிவு செய்கிறார், எங்கே விற்கிறார் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. ஈஸ்வரி கதை சென்னைக் கதை என்று நினைக்கும் தோழர்களே, அது உங்கள் தெருவின் கதை!

ஆகவே நாம் கேட்கிறோம். ஒலிப்பதிவுக்கு எத்தனை ஆண்டோ, பாடியவர் உரிமைக்கும் அத்தனை ஆண்டு வேண்டும். 1994-க்கு முன் பாடிய, வாசித்த கலைஞர்களுக்கு, பழைய தொகுப்புகளின் விற்பனையிலிருந்து ஒரு பங்கு போய்ச் சேரும் நிதி ஒன்றைச் சர்க்கார் அமைக்க வேண்டும். கோரஸ்காரரும் வாத்தியக்காரரும் அதில் சேர வேண்டும். கூத்தையோ பம்பையையோ பதிவு செய்கிறவர், தமிழில் எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. நம் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஊரிலுள்ள கலைஞர்களை இந்த ஆடியிலேயே கூட்டி உட்கார வைத்துப் பேசட்டும். கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேப்பமரத்துக் குழாயிலிருந்து அந்தக் கணீர்க் குரல் எழும். கேளுங்கள், மகிழுங்கள். கோரஸ் வரிசையில் தாயின் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் உழைப்பு அது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். உழைத்தவருக்குப் பங்கு என்ற நியாயம் ஆலைக்கும் வயலுக்கும் பொருந்துமானால் பாட்டுக்கும் பொருந்தும். அந்த நாள் வரும் வரை நம் குரலும் ஓயாது!