விருந்தாளிக்கு ஃபாரம், வீட்டுக்காரருக்கு மட்டும் விலக்கா?

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. விருந்தோம்பல்னு சொன்னாலே நெஞ்சு விம்முறவங்க ஒரு டம்ளர் தண்ணி பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க.

மேட்டர் இதுதான். எங்க கடலூர்ல, எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வெளிநாட்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முன்வந்தது. நல்ல குடும்பம்தான். நடத்துகிற அமைப்பு (பேர் வேண்டாம்) சில விஷயங்கள் கேட்டது. விண்ணப்பம், உறவினர் அல்லாத ரெண்டு பேரோட சிபாரிசு, வீட்டிலிருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் போலீஸ் நன்னடத்தைச் சான்று, வீட்டை நேரில் வந்து பார்ப்பது. அவ்வளவுதான். வீட்டுத் தலைவர் கொதிச்சுட்டார். "முப்பது வருஷமா மஞ்சக்குப்பத்துல இருக்கேன். என் வீட்டுக்கு வந்து பாத்ரூம் தாழ்ப்பாளை ஆட்டிப் பாப்பாங்களாமா?" அவருக்கு ஆதரவா சிதம்பரம், நெய்வேலின்னு நண்பர் வட்டமே திரண்டு, "தமிழன் விருந்தோம்பலுக்கே அவமானம்"னு ஒரே கும்மி.

நான் சொல்றேன்: தாழ்ப்பாளை ஆட்டித்தான் பார்க்கணும். அந்தப் பிள்ளை பத்து மாசம் அந்தத் தாழ்ப்பாளை நம்பித்தான் குளிக்கப் போகுது.

நம்ம ஊர் நடைமுறையைக் கொஞ்சம் பாருங்க. ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்கணும். 'சி ஃபாரம்'னு ரொம்ப காலமா இதுக்குப் பேர். 1946ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் போய், அதுக்குப் பதிலா 2025ல் புதுச் சட்டம் வந்தாச்சு. ஆனா அடிப்படை அதேதான். வந்தவர் யார், பாஸ்போர்ட் நம்பர் என்ன, விசா எப்ப முடியுது, எங்கிருந்து வந்தார், எங்கே போறார். வீட்டுக்காரரைப் பற்றி? பேரும் விலாசமும் போதும். அவர் எப்படிப்பட்டவர்னு அந்த ஃபாரம் கேட்பதில்லை.

அதாவது, 16 வயசுப் பொண்ணு ஒருத்தி ஜெர்மனியிலிருந்து தனியா வந்து இறங்கினா, அவளால நமக்கு ஆபத்து வருமான்னு அரசாங்கம் பார்க்கும். நம்மால அவளுக்கு ஆபத்து வருமான்னு பார்ப்பது அமைப்போட வேலை. அதைச் செய்யும்போதுதான் நமக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருது.

வர்றவனைச் சோதிக்கிறது நமக்குப் பழகிப்போன விஷயம். சிதம்பரத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? பெரிய புராணத்தில் நந்தனார் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள்ள போக முடிஞ்சுது. உள்ளே இருந்தவங்களை யாரும் தீயில் இறங்கச் சொல்லலை. அந்தப் புத்தி இன்னும் போகலை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வர்ற பையன் வாடகைக்கு ரூம் கேட்டா, "நீங்க என்ன ஆளுங்க தம்பி, கவிச்சி சாப்பிடுவீங்களா?"ன்னு ஆரம்பிச்சு தாத்தா ஊர் வரைக்கும் விசாரிக்கிறோம். பொண்ணு கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு இடத்தில், ஆபீஸ் பியூன் வரைக்கும் விசாரிக்கிறோம். அதுக்குப் பேர் பொறுப்பு. அதையே நம்மகிட்ட ஒருத்தர் செஞ்சா அவமானம். நல்லா இருக்குப்பா நியாயம்!

சரி, எதிர்வாதங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

"நாங்க கௌரவமான குடும்பம். எங்களைப் போய் சந்தேகப்படலாமா?"

கௌரவமான குடும்பங்களில் எதுவும் நடக்காதுன்னு யார் சொன்னது? மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். 2012ல் வந்த போக்சோ சட்டம், ஒரே வீட்டில் வசிப்பவர் செய்யும் குற்றத்தைச் சாதாரணக் குற்றமாகக்கூடப் பார்க்கலை, கடுமையான குற்றமா வகைப்படுத்தியிருக்கு. வீடுங்கிறது பாதுகாப்பான இடமாகவும் இருக்கலாம், கதவு சாத்தினா யாருக்கும் கேட்காத இடமாகவும் இருக்கலாம்னு சட்டத்துக்கே தெரியுது. எங்க கடலூர் மாவட்டம் மட்டும் விதிவிலக்கான்னு கேட்டா, திட்டக்குடி பள்ளி மாணவிகள் வழக்கை ஞாபகப்படுத்துறேன். 2019ல் கடலூர் மகளிர் நீதிமன்றம் பல பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் மதபோதகரும் உண்டு. கௌரவத்துக்கு என்ன குறைச்சல் அங்கே?

"போலீஸ் சான்றிதழ் வாங்கிட்டா மட்டும் தப்பு நடக்காதா?"

நடக்கும். இது ஒண்ணுதான் இவங்க சொன்னதில் உருப்படியான வாதம். மாட்டினவன் பேர்தான் போலீஸ் பதிவில் இருக்கும். அதனாலதான் சான்றிதழோட நிறுத்தக் கூடாது. ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தின் விதிகளைப் பாருங்க. குற்றப் பின்னணிச் சோதனை மட்டுமில்ல, நேர்காணல், சிபாரிசு கொடுத்தவங்ககிட்ட விசாரிப்பு, சொல்லிட்டும் சொல்லாமலும் வீட்டுக்கு வருவது எல்லாம் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர் உண்டு. அவர் அந்த விருந்தோம்பும் குடும்பத்தைச் சேர்ந்தவரா இருக்கக் கூடாது. ஏன்னு யோசிங்க. வீட்டுல ஏதாவது பிரச்சினைன்னா அந்த வீட்டுக்காரர்கிட்டயே போய் எப்படிச் சொல்றது?

"அமெரிக்காவுலயெல்லாம் இப்படியா பாக்கறாங்க?"

ஆமா, அங்கே இது அரசாங்க விதியே. பள்ளி மாணவர் தங்கும் வீட்டில் 18 வயசு நிறைந்த ஒவ்வொருத்தருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை. வீட்டை நேரில் பார்த்து, சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் போட்டோ எடுக்கணும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்கணும், காத்து அடிக்கிற மெத்தையெல்லாம் செல்லாது. மாசம் ஒரு தடவை மாணவரிடம் பேசணும். இந்த இறுக்கம் சும்மா வரலை. 2009ல் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ராண்டன் ஊரில், பரிமாற்றத் திட்டத்தில் வந்த பிள்ளைங்க ஒழுங்கான சாப்பாடு இல்லாம, குடியிருக்க லாயக்கில்லாத வீடுகளில் கிடந்தது வெளியே வந்து நாறியது. அதுக்கப்புறம்தான் 2010ல் விதிகளை இறுக்கினாங்க.

இங்கிலாந்து கதை இன்னும் கொடுமை. ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து, நல்ல படிப்பு கிடைக்கும்னு பெத்தவங்க நம்பி உறவுக்காரப் பெண்மணியோட அனுப்பிய விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயசுக் குழந்தை, 2000ல் லண்டனில் சித்திரவதைப்பட்டுச் செத்தது. அனுப்பினது சொந்தக்காரங்ககூட! இன்னிக்கு அங்கே, 16 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை நெருங்கிய உறவு அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதுக்கு மேலயோ தங்கினா உள்ளாட்சிக்குச் சொல்லணும். ஆள் வந்து பார்ப்பாங்க. எந்த வெள்ளைக்காரனும் விருந்தோம்பல் செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வைக்கலை.

"இப்படிக் கெடுபிடி பண்ணா யாரும் முன்வர மாட்டாங்க."

சோதனைன்னதும் ஓடுறவங்க ஓடட்டுமே! இதே கடலூருக்கு ஒரு ஞாபகம் இருக்கணும். 2004 டிசம்பர் 26, சுனாமி. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம்... நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. பெத்தவங்களை இழந்த பிள்ளைகளை நாங்க வளர்க்கறோம்னு நாடு முழுக்க ஆயிரம் பேர் கிளம்பினாங்க. பெரும்பாலும் நல்ல மனசுதான். ஆனாலும் அரசாங்கம், அப்படியெல்லாம் தூக்கிக் கொடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. கடலூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரியில் காப்பகம் வெச்சுத் தானே பார்த்துக்கிட்டது. நல்ல மனசுக்காரங்களோட கூட்டத்துக்குள்ள கடத்தல்காரனும் நிப்பான் என்ற பயம்தான் காரணம். அன்னிக்கு அதைச் சரின்னு சொன்ன ஊர் இது.

தத்து எடுக்கறவங்க வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதுறார். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதி நடத்த 2014ம் வருஷத்துச் சட்டப்படி உரிமம் வேணும். பத்துப் பிள்ளை இருக்கிற விடுதிக்கு லைசென்ஸ் வேணும், ஒத்தப் பிள்ளை தங்கற வீட்டுக்கு "நாங்க நல்லவங்க" என்ற வார்த்தை போதுமா? விடுதியிலாவது பக்கத்துக் கட்டில்ல ஒரு தோழி இருப்பா. இங்கே பாஷையும் தெரியாது, பஸ் ரூட்டும் தெரியாது. சோறு போடறவங்க மேல புகார் சொல்றதே நன்றிகெட்டத்தனம்னு அந்தப் பிள்ளைக்கே தோணும். அதுதான் இதில் பெரிய ஆபத்து.

கடைசியா ஒண்ணு. இதுக்குப் பேரே 'பரிமாற்றம்'. இங்கேயிருந்தும் பிள்ளைங்க பிரான்ஸ், பிரேசில்னு போகுது. அப்படி அனுப்புற எந்த அம்மாவும் கேட்கிற முதல் கேள்வி, "அந்த வீட்டுல யார் யாரு இருக்காங்க? ஆம்பளைப் பசங்க இருக்காங்களா?" அம்மா கேட்கிற அந்தக் கேள்விதாங்க சோதனை. அந்த ஊர்க்காரர் "என்னைச் சந்தேகப்படறியா"ன்னு முறைச்சா நாம பிள்ளையை அனுப்புவோமா?

அதனால, வீட்டில் பிள்ளையை வெச்சுக்க ஆசைப்படற கடலூர், சிதம்பரத்து நண்பர்களே, கேக்கறதுக்கு முன்னாடியே சான்றிதழை எடுத்து நீட்டுங்க. தமிழ்நாடு காவல்துறை ஆன்லைன்லயே விண்ணப்பம் வாங்குது. எந்த அமைப்பாவது உங்களை எதுவுமே கேட்காம பிள்ளையை ஒப்படைச்சா, அப்பதான் கோபப்படணும். உங்க பிள்ளையையும் அவங்க அப்படித்தான் எங்கேயோ ஒப்படைப்பாங்க.

டிஸ்கி: "என் வீட்டுக்கு நேர்ல வந்து பாத்துட்டு எழுதுங்க"ன்னு யாராவது பின்னூட்டம் போட்டா ரொம்ப சந்தோஷம். அதைத்தானே நானும் சொல்றேன் :-)