யாருடைய சுதந்திரம்?

பொதுத்துறை நிறுவனங்களை விற்பதற்கும் தொழிலாளர் உரிமைகளைப் பறிப்பதற்கும் இன்றைய ஆட்சியாளர்கள் சூட்டியிருக்கும் பெயர் பொருளாதார சுதந்திரம். இம்முழக்கம் 1991இல் பிறந்ததன்று. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே அதனை ஓர் அரசியல் திட்டமாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது சுதந்திராக் கட்சி. அதன் முன்னணித் தலைவர் மினூ மசானியின் அரசியல் வாழ்க்கை, இந்தியத் தாராளவாதம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

மசானி இடதுசாரி முகாமிலிருந்து வந்தவர். சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் நாசிக் சிறையில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முதலானோருடன் நடத்திய விவாதங்கள், 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியாக உருப்பெற்றன. அதன் இணைச் செயலாளராக இருந்த மசானி, கட்சிக்குள் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு வளர்வதை எதிர்த்து 1939இல் வெளியேறினார். ஸ்டாலின் காலத்துச் சோவியத் நிகழ்வுகள் அவரது மனமாற்றத்துக்கு ஒரு காரணமாயின. ஆயினும் அரசின் அடக்குமுறை பற்றி அவர் எழுப்பிய கேள்வி, விரைவிலேயே தனிச்சொத்துக்கான வாதமாக மாறியது. டாடா நிறுவனத்தில் பணி, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், பிரேசில் நாட்டுத் தூதர் என அவர் பாதை நீண்டது.

1959 ஜனவரியில் கூடிய நாகபுரி காங்கிரஸ் மாநாடு, நில உச்சவரம்புக்கும் கூட்டுறவு விவசாயத்துக்கும் ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சில மாதங்களுக்குள் ராஜாஜி, என்.ஜி.ரங்கா, மசானி ஆகியோரின் முயற்சியில் சென்னையில் சுதந்திராக் கட்சி உதயமாயிற்று. கட்சிக்குக் கருத்தை வழங்கியவர்கள் தாராளவாதிகள். வாக்குகளைத் திரட்டித் தந்தவர்களில் முக்கியமானவர்கள் பழைய மன்னர்களும் நிலப்பிரபுக்களுமே. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பீகாரில் ராம்கர் ராஜா, ஒரிசாவில் சமஸ்தானாதிபதிகளின் கணதந்திர பரிஷத் என அந்தப் பட்டியல் நீளும். மக்களவையில் 1962இல் 18 இடங்களை வென்ற அக்கட்சி, 1967இல் 44 இடங்களைப் பெற்று மிகப்பெரிய எதிர்க்கட்சியாயிற்று. அத்தேர்தலில் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து பெற்றவை 42.

1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது சுதந்திராக் கட்சி அதனைக் கடுமையாக எதிர்த்தது. அக்கட்சியைச் சேர்ந்த ஆர்.சி.கூப்பர் தொடுத்த வழக்கில், 1970 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. புதிய சட்டம் கொண்டுவர நேர்ந்தது. மன்னர் மானிய ஒழிப்பையும் அக்கட்சி எதிர்த்தது. 1971இல் ஜனசங்கத்துடன் ஒரே அணியில் நின்று 8 இடங்களுக்குச் சுருங்கியது. 1974இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்து மறைந்தது. நிலமற்ற உழவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அது பேசிய சுதந்திரத்தில் இடமில்லை என்பதே இந்த வீழ்ச்சியின் அடிப்படைக் காரணம்.

எனினும், வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் மசானிக்கு உண்டு. அவசரநிலையின்போது தமது 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' இதழுக்கு விதிக்கப்பட்ட தணிக்கையை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 1976இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றார். பலர் வாய்மூடிக் கிடந்த நாட்களில் அது துணிவான செயல்.

அவரது மரபின் இந்த இரு பகுதிகளில் ஒன்றை மட்டுமே ஜனசங்கத்தின் வாரிசுகள் எடுத்துக்கொண்டனர். 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டன. இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்கு விற்பதாக 2021 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மறுபுறம், எழுத்தாளர்களும் மாணவர்களும் ஊபா சட்டத்தின் கீழ் விசாரணையே முடியாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடுகின்றனர். சந்தைக்கு முழுச் சுதந்திரம், குடிமகனுக்குச் சிறைக்கதவு என்பதே இன்றைய நடைமுறை.

சொத்தின் சுதந்திரத்தை முதன்மையாகக் கொண்ட அரசியல், மக்களின் சுதந்திரத்தைக் காக்கும் வெகுஜன பலத்தைத் திரட்ட இயலாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். ஆகவே, பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் தாராளவாதிகளின் கவலை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. கூலிக்கும் நிலத்துக்கும் நடக்கும் போராட்டத்தோடு குடியுரிமைகளுக்கான போராட்டத்தையும் இணைத்து நடத்துவது நம் கடமை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதித் தொழிலாளர்களிடமும் விவசாயிகளிடமும் இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாகக் கொண்டு செல்லட்டும்.