பட்டம் இங்கே, பிடி எங்கே?

கேளம்பாக்கத்துத் தெருமுனைக் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினேன். இளந்தோழர் ஒருவர் எதிரே நின்ற அடுக்குமாடி விளம்பரப் பலகையைக் காட்டினார். “இதிலும் ‘பிரீமியர்’ என்று இருக்கிறது, பழைய ஏட்டில் ராஜாஜியையும் ‘சென்னை பிரீமியர்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா?” என்று கேட்டார்.

ஒரே சொல்தான்! பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘முதலாவது’ என்று பொருள். வணிகன் வாயில் அது உயர்ந்த சரக்கு; அரசியலில் முதல் மினிஸ்டர். மினிஸ்டர் என்பதோ இலத்தீனில் ஊழியன்! ஆக, முதல் ஊழியன். முடி தரித்த மன்னனல்லன்.

அந்த முதன்மை நம் மண்ணில் பட்ட பாட்டைப் பாருங்கள். 1920-இல் நீதிக்கட்சியின் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். நிதியும் போலீசுமோ கவர்னரின் நிர்வாகக் குழுவிடம்! 1937-இல் ராஜாஜி பிரீமியரானார். 1939-இல் இந்தியரைக் கேளாமலே வைசிராய் நாட்டைப் போரில் இறக்கினார். காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின. 1950-இல் குடியரசு மலர்ந்தது. பிரீமியர், ‘சீஃப் மினிஸ்டர்’ ஆனார்.

பழைய பட்டம் நிலைத்திருந்தால் பாதுகாப்பு இருந்திருக்குமோ? காஷ்மீரைக் காணுங்கள்! அங்கே 1965 வரை ‘பிரதமர்’ பட்டம் இருந்தது. ஆனால் 1953-இல் பிரதமர் ஷேக் அப்துல்லா பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். பட்டம் காத்ததா? இல்லை!

இங்கோ, விடுதலை நாளில் கோட்டையில் கொடியேற்றும் உரிமை முதலமைச்சருக்குக் கிட்டியதே 1974-இல்தான். அதுவும் கலைஞர் கேட்டுப் பெற்றது. சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களுக்காக உச்சநீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. 2025 ஏப்ரலில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நவம்பரிலோ, ஆளுநருக்குக் கெடு விதிக்க இயலாதென அதே மன்றம் கருத்துரைத்தது.

“பெயரில் என்ன சண்டை?” என்பார் சிலர். நாம் கேட்பது பெயரையன்று! ஊழியனுக்குப் பட்டம் எதற்கு? ஊழியம் செய்யக் கருவியன்றோ வேண்டும்? அந்தக் கருவிக்குப் பெயர் மாநில சுயாட்சி.

தோழர்களே! இந்த அளவுகோல் நமக்கும் உண்டு. கிளையின் முதல்வர் மாலைக்கு முந்துபவரல்லர். வெள்ளம் வந்தால் முதலில் தண்ணீரில் இறங்குபவர். அப்படி உழைப்பவரே உரிமையை உரக்கக் கேட்கலாம்.

உப்பு விளைந்த ஊர் கேளம்பாக்கம். அந்த ஊராருக்கு நான் சொல்லவும் வேண்டுமோ? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உரிமையில்லாப் பட்டமும் அப்படியே!